ஜப்பான் பீஸும் ஐயாயிரம் அட்வான்ஸும்

கேள்வி: அண்ணே, பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். ஆறு வருஷமாக எங்கள் சர்ச் கொயரில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது யமஹா நாலு கம்பி, கடையில் புதிதாக வாங்கியது. இப்போது அஞ்சு கம்பி பேஸ் வாங்க ஆசை. சென்னையில் ஒருவர் இபனேஸ் எஸ்ஆர் அஞ்சு கம்பியை 32,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். "ஜப்பான் பீஸ், புதுசு மாதிரி இருக்கும். இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க. 5,000 அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்று அவசரப்படுத்துகிறார். போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என் பழையதை எப்படி, என்ன விலைக்கு விற்பது? "அடுத்தவன் வாசிச்சுக் கழிச்சதை வாங்கவா மெட்ராஸ் வரைக்கும் போற?" என்று அப்பா வேறு கேட்கிறார்.

பதில்:

தம்பி, முதலில் அந்த அட்வான்ஸைப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

"இன்னும் ரெண்டு பேர் கேட்கிறாங்க" என்ற பேச்சை நான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ரெண்டு பேரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. நிஜமாகவே வேறு யாராவது வாங்கிப் போய்விட்டால் போகட்டும், சென்னையில் அஞ்சு கம்பி பேஸுக்குப் பஞ்சமில்லை. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முழு மாடல் எண் என்ன? இன்றைய தேதியைத் தாளில் எழுதி, அதைத் தலைப்பகுதியின் பின்புறம் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ. அப்புறம், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் அஞ்சு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டி ஒரு வீடியோ. பொருள் கையில் இருக்கிறவருக்கு இது பத்து நிமிஷ வேலை. "நம்பிக்கை இல்லையா பிரதர்?" என்று பதில் வந்தால், ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

மாடல் எண்ணை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், எஸ்ஆர் என்பது ஒரு கிட்டாரின் பெயர் இல்லை, பெரிய குடும்பத்தின் பெயர். 300 வரிசையும் எஸ்ஆர்தான், 500 வரிசையும் எஸ்ஆர்தான். புதிதாக வாங்கினால் இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். எது என்று தெரியாமல் 32,000 மலிவா கொள்ளையா என்று என்னாலும் சொல்ல முடியாது. "ஜப்பான் பீஸ்" என்பதையும் அந்தச் சீரியல் எண்ணே ஓரளவு சொல்லிவிடும். இபனேஸ் ஜப்பான் கம்பெனிதான், ஆனால் இந்த வரிசைகளில் பெரும்பாலானவை இந்தோனேசியாவில் செய்யப்படுகின்றன. சீரியல் எண் ஆங்கில 'ஐ' எழுத்தில் தொடங்கினால் இந்தோனேசியா. அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், அதற்கடுத்த இரண்டு மாதம். 1803 என்று இருந்தால் 2018 மார்ச். 'எஃப்' என்று தொடங்கினால் ஜப்பானில் ஃபுஜிஜென் தொழிற்சாலையில் செய்தது. இந்தோனேசியா என்பது குறை இல்லை. என் மேஜைக்கு வரும் நல்ல பேஸ்களில் பாதி அங்கிருந்து வந்தவைதான். ஜப்பான் என்று சொல்லி ஜப்பான் விலை கேட்பதுதான் குறை.

கிளம்புவதற்கு முன் இன்னொரு கேள்வி. அஞ்சாவது கம்பி உங்களுக்கு எதற்கு? தப்பாக நினைக்க வேண்டாம், காரணமாகத்தான் கேட்கிறேன். நாலு கம்பியில் அடியில் இருக்கும் 'இ' சுமார் 41 ஹெர்ட்ஸ், அஞ்சாவது கம்பியான 'பி' சுமார் 31. கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி இ-ஃப்ளாட்டுக்கோ டி-க்கோ இறங்கும்போது நீங்கள் ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசிக்க வேண்டியிருக்கிறது, பாட்டின் அடி காலியாகிவிடுகிறது. இதுதான் பிரச்சினை என்றால் அஞ்சு கம்பி வாங்குவது நியாயம். ஆனால் உங்கள் சர்ச்சில் இருப்பது எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட சின்ன ஆம்ப் என்றால் அந்த 31 ஹெர்ட்ஸ் ஜனங்களின் காதுக்குப் போகவே போகாது. ஸ்பீக்கர் காகிதம் படபடப்பதுதான் கேட்கும். அப்படியானால் முதலில் ஆம்புக்கு வழி பாருங்கள். டி வரைக்கும் போனால் போதும் என்றால், இருக்கும் 'இ' கம்பியையே டி-க்கு இறக்கி ஒரு மாதம் வாசித்துப் பார்க்கலாம். காசு செலவில்லை. கை இன்னொரு விஷயம். எஸ்ஆர் அஞ்சு கம்பியில் பிரிட்ஜ் (பாடியில் கம்பி மாட்டும் இடம்) பக்கம் கம்பிக்குக் கம்பி இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். உங்கள் யமஹாவில் இதைவிட அகலமாக இருக்கும். முதல் இரண்டு வாரம் விரல் தடுமாறும், அதை வைத்துப் பேஸைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, எல்லாம் யோசித்தும் அஞ்சு கம்பிதான் என்றால், சென்னைக்கு வாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ராத்திரியில் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பேஸில் நீங்கள் காசு கொடுப்பது நெக்குக்கு, அதாவது விரல் ஓடும் அந்த நீளமான கழுத்துக் கட்டைக்கு. மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வருவது. கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப் போனால் மாற்றலாம், வால்யூம் குமிழ் போனால் மாற்றலாம், பாடியில் அடிபட்டிருந்தால் அப்படியே வாசிக்கலாம். நெக் போனால் போனதுதான். நாலு கம்பியும் சேர்ந்து அந்த மரத்தைச் சுமார் 80 கிலோ இழுக்கின்றன. அஞ்சாவதும் சேர்ந்தால் நூறை நெருங்கும். ராத்திரி பகல், ஏசி, வெயில் எதுவும் பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து நிற்கத்தான் நெக்குக்கு உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது.

பார்க்கும் விதம் இது. பேஸை வாசிக்கிற நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் படுக்க வைத்தால் கணக்கு மாறும். சுருதி சேர்த்த பிறகு, தடித்த கம்பியை இடது கையால் முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டு) அழுத்துங்கள். வலது கையால் அதே கம்பியை நெக் பாடியோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது கம்பி ஒரு ஸ்கேல் மாதிரி நேர்கோடு. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகம் போனால் 0.35 மில்லிமீட்டர். கார்டு நுழைந்து ஆடுகிறது, ரெண்டு மூணு கார்டு போகும் போலிருக்கிறது என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லை, கம்பி ஃப்ரெட்டில் படுத்துக் கிடக்கிறது என்றால் பின்னால் வளைந்திருக்கிறது.

வளைவு இருப்பது தப்பில்லை. பருவம் மாறினால் எல்லா நெக்கும் கொஞ்சம் அசையும். அதைத் திருத்த ட்ரஸ் ராட் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அதன் திருகு முனையைத் திறந்து பாருங்கள். சாவி நுழையும் இடம் வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஜாக்கிரதை. விற்பவர் சம்மதித்தால் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு தடவை திருப்பிப் பார்த்து, இடைவெளி மாறுகிறதா என்று கவனியுங்கள். அதற்கு மேல் முறுக்காதீர்கள். கை பழகாதவர் என்றால் தொடவே வேண்டாம், கூட ஒரு டெக்னீஷியனை அழைத்துப் போங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், புரசைவாக்கத்தில் ஒரு மாடி வீட்டில், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பேஸ் பார்த்தேன். விற்றவர் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர், கை அப்படி ஓடும். அவரே வாசித்துக் காட்டினார், நான் மயங்கிப் போய்க் காசை எண்ணிக் கொடுத்தேன். காலையில் வெயிலில் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால், நெக் தாம்புக்கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டின் கோடு ஒரு பக்கம் சாய்கிறது, பிரிட்ஜின் கோடு இன்னொரு பக்கம். ட்ரஸ் ராட் முன் பின் வளைவைத்தான் திருத்தும், முறுக்கைத் திருத்தாது. அவர் அந்த முறுக்குக்கு ஏற்றபடி விரலை வைத்துப் பழகியிருந்தார், பாவம். அல்லது பாவம் இல்லை. எப்படியோ, அன்றைக்கு அவர் வாசிப்பை வாங்கவில்லை, கட்டையை வாங்கினேன் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. ஆகவே விற்பவர் வாசித்துக் காட்டினால் ரசியுங்கள், முடிந்ததும் பேஸைக் கையில் எடுத்து நீங்களே வாசியுங்கள்.

முறுக்கு, வேலை செய்யாத ட்ரஸ் ராட், தலை உடைந்து ஒட்டிய தடம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காபி குடித்துவிட்டு ரயில் ஏறிவிடுங்கள். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். உங்கள் அப்பாவுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது: புது நெக் இனிமேல்தான் எப்படி அசையும் என்று காட்ட வேண்டும். ஆறு சித்திரையும் ஆறு மார்கழியும் பார்த்துவிட்டு இன்னும் நேராக நிற்கும் நெக் தேர்வு எழுதிப் பாஸானது.

அடுத்தது ஃப்ரெட். வீணை மெட்டு மாதிரிதான் இதுவும், ஆனால் வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுவது (மெட்டுகளை வைத்து அமைப்பது) போல இதை அப்படியே எடுத்து வைத்துவிட முடியாது. மரத்தில் அறைந்திருக்கும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பிக்கு நேர் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். லேசான பள்ளம் தட்டுப்பட்டால் தேய்த்துச் சமன் செய்யலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். நகம் விழுந்து நிற்கும் அளவுக்குப் பள்ளம் என்றால் ஃப்ரெட்டையே மாற்ற வேண்டி வரும், அது பெரிய செலவு.

அப்புறம், ஆம்ப் இல்லாமல், எல்லாக் கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். அலுப்பான வேலைதான், பத்து நிமிஷம் ஆகும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தட்டி ஒலிக்க விட்டு, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். போல்ட் போட்டு நெக்கை மாட்டிய பேஸ்களில் 'ஜி' கம்பியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதாவது ஒரு ஸ்வரம் "டொக்" என்று செத்து விழும். டெட் ஸ்பாட் என்பார்கள். அந்த ஸ்வரத்தின் அதிர்வை நெக்கே உறிஞ்சிக்கொள்கிறது. கொஞ்சம் இருப்பது சகஜம், விலை உயர்ந்த பேஸிலும் இருக்கும். ஆனால் ஜி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் 'சி'. உங்கள் கொயரில் சி மேஜர் பாட்டு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பி கம்பியையும் தனியாகக் கேளுங்கள்: 34 இஞ்ச் நீளத்தில் அது சில பேஸ்களில் தொளதொளவென்று ஆடும், சுருதி நிற்காது. பழைய கம்பியால்கூட அப்படி ஆகும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

கரண்ட் சமாச்சாரம் சீக்கிரம் முடிந்துவிடும். உங்கள் சொந்தக் கேபிளைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கரகர சத்தத்துக்குக் கேபிள்மேல் பழி போட்டுவிடுவார்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஜாக் ஆடினால் திருகை முறுக்கினால் போதும், அல்லது புதிது மாற்றலாம். எஸ்ஆரில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். மூடியைத் திறந்து, பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, வாசிக்காத நேரத்தில் கேபிளைப் பிடுங்கி வையுங்கள்; கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கம்பியைத் தொட்டதும் கையில் சுரீர் என்றால் அது பேஸின் கோளாறு இல்லாமல் அந்த வீட்டு எர்த் கோளாறாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கையை எடுத்துவிட்டு வேறு இடத்தில் சோதியுங்கள். பந்தல் மேடையிலும் இதே எச்சரிக்கை.

விலை பேசும்போது பில் கேளுங்கள். பழைய பில் இல்லை என்றால் அவர் கையெழுத்தில் சீரியல் எண்ணோடு ஒரு ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாத்தியம் திருடு போவது நம் ஊரில் மட்டும் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அது அவர் கைக்குத் திரும்பி வந்த செய்தி 2024-ல்தான் வெளியானது. நடுவே அரை நூற்றாண்டு. உங்களிடம் யாராவது வந்து "இது என்னுடையது" என்றால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

இனி உங்கள் யமஹா. அதை இப்போதே விற்காதீர்கள். புதிதாக வந்த அஞ்சு கம்பியை ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்துவிட்டு விற்கலாம். கை ஒத்துவரவில்லை என்று மூன்றாம் வாரம் பழையதைத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காசு முடை என்றால் மட்டும் முன்னால் விற்கலாம்.

விலைக்கு நீங்கள் ஆறு வருஷம் முன் கொடுத்த தொகையைப் பார்க்காதீர்கள். அதே மாடல் இன்றைக்குக் கடையில் என்ன விலை என்று பாருங்கள், அதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை கேட்கலாம் என்பது என் பழக்கம். பேரம் பேச ஆயிரம் ரெண்டாயிரம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிக்கப் மாற்றியிருந்தால் அந்தச் செலவு திரும்பி வராது. பழைய பிக்கப் பெட்டியில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குகிறவருக்குச் சந்தோஷம். விற்பதற்காகப் புதுக் கம்பி மாட்டுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. ஒரு செட் இரண்டாயிரம் ரூபாய் பக்கம் வரும், வாங்குகிறவர் அதற்கென்று தனியாகத் தரமாட்டார். துரு ஏறிய கம்பியாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

துடைத்து வையுங்கள். ஃப்ரெட் பதித்த போர்டு ரோஸ்வுட் என்றால் லெமன் ஆயில் ரெண்டு சொட்டு, உடனே துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்! ஒருவர் தலைக்குத் தேய்ப்பது போல நெக் முழுக்கத் தேய்த்துக் கொண்டுவந்தார். பத்து நாளில் சிக்கு வாடை, ஃப்ரெட் ஓரமெல்லாம் பிசுக்கு. சுத்தம் செய்ய எனக்கு ஒரு மத்தியானம் போனது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையர் காற்றில் மெதுவாகச் சூடாக்கி உரித்தெடுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

போட்டோ ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். முழு உருவம் ஒன்று, தலையின் முன்னும் பின்னும், சீரியல் எண், ஃப்ரெட்டுகள், அப்புறம் அடிபட்ட இடங்கள் ஒவ்வொன்றும். அடிபட்டதை மறைக்காதீர்கள். "டோன் குமிழ் கொஞ்சம் கரகரக்கும், பின்னால் பெல்ட் பக்கிள் கீறல் இருக்கு" என்று நீங்களே எழுதிவிட்டால், வருகிறவர் அதைக் கண்டுபிடித்து ரெண்டாயிரம் குறைக்க முடியாது. மேலே நெக்குக்குச் சொன்ன சோதனையை உங்கள் பேஸுக்கும் செய்து, ட்ரஸ் ராட் சரியாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இங்கேயும் ஏமாற்று உண்டு, வேறு வடிவத்தில். "நான் ராணுவத்தில் இருக்கேன், கேம்ப்பை விட்டு வர முடியாது, கூரியர்காரர் வந்து எடுத்துப்பார், பணம் இப்பவே அனுப்புறேன்" என்று ஒருவர் பேசுவார். விலையைக் குறைக்கவே மாட்டார், அதிலேயே சந்தேகம் வர வேண்டும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். யுபிஐயில் பணம் வாங்க பின் போட வேண்டிய அவசியமே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். நேரில் வரச் சொல்லுங்கள், சர்ச் வளாகத்திலேயே, பிராக்டிஸ் நேரத்தில். கூட நாலு பேர் இருப்பார்கள், ஆம்பும் இருக்கும்.

சென்னையில் வாங்கியதைக் கூரியரிலோ ஆம்னி பஸ் பார்சலிலோ போடாமல் கையோடு கொண்டுபோங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் கிடைத்தால் வசதி. கேஸைச் சுவரோரமாக நீளவாக்கில் வைத்துவிட்டு நீங்கள் இந்தப் பக்கம் படுத்துக்கொள்ளலாம். கீழ் சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள், யாராவது ஒரு டிரங்குப் பெட்டியை அதன் தலைமேல் இடிப்பார்கள். கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டாம், அரை ஸ்வரம் இறக்கினால் போதும். ஊர் போய்ச் சேர்ந்ததும் உடனே சுருதி சேர்த்து ஆக்ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை) திருத்த உட்கார்ந்துவிடாதீர்கள். ரெண்டு நாள் பாளையங்கோட்டைக் காற்றில் இருக்கட்டும், அப்புறம் அந்த விசிட்டிங் கார்டை எடுங்கள்.